ஏழே காலிலிருந்து மூன்று நிமிஷம்

சிம்லா
8 ஜூலை 1935

அன்புள்ள அக்கா,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெரிய துரை லீவு எடுத்துக்கொண்டு சீமைக்குப் போயிருக்கிறார். அவர் திரும்பும்வரை ஆறு மாதத்துக்கு வயர்லெஸ் இலாகாவின் தலைமை நாற்காலியில் உன் தம்பி சத்தியநாதன் உட்கார்ந்திருக்கிறான். ‘ஆக்டிங்’ என்று பதவிக்கு முன்னால் ஒரு வால் ஒட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் நாற்காலி நாற்காலிதான். இந்த தேசத்து ஆகாயத்தில் பட்டாளம் எந்த அலைநீளத்தில் பேசலாம், கப்பல் எதில் பேசலாம், விமானம் எதில் பேசலாம், சங்கீதக் கச்சேரியை எதில் ஒலிபரப்பலாம் என்று அளந்து விடுவது இப்போது நான். வாணியம்பாடி ஸ்டேஷன் மாஸ்டர் பிள்ளைக்கு இது அதிகம்தான். அப்பா இருந்திருந்தால் சிவப்புக்கொடி காட்டி மெயில் வண்டியை நிறுத்தி டிரைவரிடம் சொல்லியிருப்பார். பியூன் மட்டும் இன்னும் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கிறான், துரை எங்கே என்று.

இப்போது நீ திட்டப்போகிற விஷயம். ஆபேல் கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டர் வேலையில் சேர்ந்த வருஷம், நான் லீவில் வந்து உனக்கு ஒரு வயர்லெஸ் பெட்டி கட்டிக் கொடுத்தேனே, பிள்ளையோடு பேச. அதை நிறுத்திவிடு. சென்ற வருஷம் ஜனவரியிலிருந்து புதுச் சட்டம் அமலில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் அந்த மாதிரிப் பெட்டி வீட்டில் இருப்பதே குற்றம். அதை வைத்துக்கொண்டு பேசுவது ஜெயிலுக்குப் போகிற குற்றம். தோல் டேனரிப் புகைபோக்கியில் கட்டியிருக்கும் கம்பியை, பேட்டரி சுமந்து வரும் வேலுவை விட்டு அவிழ்க்கச் சொல். பெட்டியை உடைத்துக் கிணற்றில் போடு. ஏன் எதற்கு என்று கேட்காதே.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் தம்பி,
சத்தியநாதன்


ஆம்பூர்
17 ஜூலை 1935

டைரக்டர் தம்பிக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். நம் குடும்பத்தில் ஒருவன் நாற்காலி ஏறினான் என்பதற்கு வேறு அத்தாட்சி எனக்கு ஏது? பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கெல்லாம் மக்கன் பேடா கொடுத்தேன். பக்கத்து வீட்டு ஹலீமா பீக்கும் கொண்டுபோய்க் கொடுத்து விவரம் சொன்னேன். அவள் வாயில் போட்டுக்கொண்டு, “அப்போ உன் தம்பி ஆகாசத்துக்கு தாசில்தாரா டீச்சர்?” என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியை நிறுத்த மாட்டேன்.

உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆபேல் என் ஒரே பிள்ளை. அவன் அப்பா டேனரிச் சுண்ணாம்புத் தொட்டி வேலையில் நெஞ்சு கெட்டுச் செத்தபோது அவனுக்கு நான்கு வயது. அவன் தோல் வேலைக்குப் போகக்கூடாது என்று நான்தான் சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் தட்டித் தட்டித் தந்தி பாஷை கற்றுக் கொடுத்தேன், நீயும் நானும் ரயில்வே குவார்ட்டர்ஸில் கற்றுக்கொண்ட மாதிரியே. படித்துக் கப்பலேறினான். ஐந்து வருஷமாகச் சாயங்காலம் ஏழே காலுக்கு அவனுக்கு மூன்று நிமிஷம் பேசுகிறேன். அந்த நேரத்தில் கப்பல்காரர்கள் யாரும் பேசக்கூடாது, எல்லாரும் அறுநூறு மீட்டர் அலையில் காதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்று நீதானே சொன்னாய்? அதனால்தான் என் சின்னப் பெட்டியின் சத்தம் அவன் காதுவரைக்கும் போகிறது. அவன் பதில் பேச முடியாது, போகட்டும். ரங்கூனில் இறங்கியதும், “செவ்வாய்க்கிழமை முழுக்கக் கேட்டேன் அம்மா, புதன்கிழமை பாதிதான்” என்று எழுதுவான். அது போதும் எனக்கு.

மூன்று நிமிஷத்தில் முப்பது வார்த்தைதான் அடிக்க முடிகிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் காலையிலேயே எழுதி, அடித்துத் திருத்தி, முப்பது வார்த்தைக்குள் ஒரு நாளை அடக்குகிறேன்.

மே மாதத்திலிருந்து அவனிடமிருந்து கடிதமே இல்லை, சத்தியநாதா. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். வேலையில் இருக்கிறான், சுகம் என்று ஒரு வரி வந்தது. சுகமாக இருக்கும் பிள்ளை ஏன் அம்மாவுக்கு எழுதவில்லை? அவன் மனசில் ஏதோ விழுந்திருக்கிறது. எனக்கு அவன் காதைத் தவிர இப்போது வேறு ஒன்றும் இல்லை. அதையும் விடச் சொல்கிறாயா?

அக்கா,
தேவகிருபை


சிம்லா
26 ஜூலை 1935

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உன்னிடம் சட்டம் பேசி ஜெயிக்க என்னால் முடியாது. ஆனாலும் பேசத்தான் வேண்டும்.

அறுநூறு மீட்டர் உலகத்துக் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து ஒப்புக்கொண்ட பொது அலை. அதில் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு முறை, மூன்று மூன்று நிமிஷம், மௌனம் காக்க வேண்டும் என்று எல்லா தேசமும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. அந்த மௌனத்தில் ஆம்பூர் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறார். புகார் வந்திருக்கிறது, அக்கா. ஒன்று அல்ல, ஏழு.

வேறு அலைநீளம் தரலாமா என்று பார்த்தேன். என் மேஜைக்கு எதிரே சுவர் அகலத்துக்கு ஓர் அட்டவணை தொங்குகிறது. ஒவ்வொரு வரிக்கும் சொந்தக்காரன் இருக்கிறான். பட்டாளம், கடற்படை, போலீஸ், தபால், விமானம், ஒலிபரப்பு. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லை. தாய் என்று ஒரு வரி அதில் இல்லை. அப்படியே நான் ஒன்று தந்தாலும் ஆபேல் அந்த நேரத்தில் அறுநூறை விட்டுக் காதை எடுக்க முடியாது, அது அவன் உத்தியோகம். ஆகவே உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஊருக்கெல்லாம் அளந்து கொடுப்பவன் சொல்கிறேன்.

இன்னொன்று. திசை கண்டுபிடிக்கும் கருவியோடு ஒரு மோட்டார் வண்டியைக் காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரை அனுப்ப உத்தரவு தயாராக என் மேஜையில் கிடக்கிறது. இரண்டு நாளில் உன் வாசலில் வந்து நிற்கும். நான் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிறேன். ஹெட்கிளார்க் தினமும் காலையில் அந்தக் காகிதத்தை மேலே எடுத்து வைக்கிறார், நான் சாயங்காலம் அடியில் வைக்கிறேன்.

ஆபேலைப் பற்றிக் கவலைப்படாதே. அவன் நன்றாகச் சாப்பிடுகிறான், தூங்குகிறான். கொஞ்ச நாளில் எழுதுவான்.

சத்தியநாதன்


ஆம்பூர்
6 ஆகஸ்ட் 1935

சத்தியநாதா,

உன் கடிதத்தில் எனக்கு வேண்டியது கடைசி இரண்டு வரிதான். அவன் நன்றாகச் சாப்பிடுகிறான், தூங்குகிறான் என்று சிம்லா மலையில் உட்கார்ந்திருக்கும் உனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எழுதாதவன் உனக்கு எழுதுகிறானா?

மௌனமாம் மௌனம். எதற்கு அந்த மௌனம்? உலகத்துக் கப்பலெல்லாம் மணிக்கு இரண்டு தரம் ஜெபம் பண்ணுகின்றனவா? காரணம் சொல்லாமல் ‘ரூல்’ என்று மட்டும் சொன்னால் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பெண்கூடக் கேட்பதில்லை. “ஏழே காலுக்கு ஆகாயம் சும்மாதான் கிடக்கும் அக்கா, அப்போது அடி” என்று சொல்லி இதே கையைப் பிடித்துத் தந்தி அடிக்கும் சாவியில் வைத்தவன் நீ. ஐந்து வருஷம் கழித்து உனக்கு நாற்காலி கிடைத்ததும் அது குற்றமாகிவிட்டதா? உன் நாற்காலிக்குக் கால் ஆடினால் அதற்கு என் பிள்ளையை முட்டுக் கொடுக்க மாட்டேன்.

லைசென்ஸ் இல்லை என்பதுதானே உன் குறை? இதோ விண்ணப்பம்:

“மகா கனம் பொருந்திய வயர்லெஸ் துரை அவர்கள் சமுகத்துக்கு, வட ஆற்காடு ஜில்லா ஆம்பூர் பெண்கள் பள்ளி உபாத்தியாயினி தேவகிருபை தாழ்மையாக எழுதிக்கொள்வது. தேசத்தின் ஆகாயம் முழுவதிலும் அடியாளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று நிமிஷம் தயவுசெய்து ஒதுக்கித் தர வேண்டியது. அதில் அரசாங்கத்துக்கு விரோதமான சமாசாரம் எதுவும் இராது. மழை, பள்ளிக்கூடம், சமையல், அண்டைவீட்டார் சுகம் ஆகியவை மட்டுமே.”

சிரிக்காதே. நிஜமாகவே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பதில் போடு.

தேவகிருபை


சிம்லா
20 ஆகஸ்ட் 1935

அக்கா,

உன் விண்ணப்பத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆபீஸ் முத்திரை வைத்து, நம்பர் போட்டு, ஒரு நாள் முழுக்க முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுத என் பேனாவுக்கு வரவில்லை. எழுதாமலே அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மௌனம் எதற்கு என்று கேட்டாய். மெல்லிய குரல்களைக் கேட்பதற்கு. சக்தி குறைந்த ஸ்டேஷன்கள் பெரிய சத்தத்தில் அமுங்கிவிடுகின்றன. அவர்கள் பேச நினைத்தால் அந்த மூன்று நிமிஷத்தில் பேசலாம், மற்ற எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான். என் குரலும் மெல்லிய குரல்தானே என்று நீ எழுதுவாய் என்று எனக்குத் தெரியும்.

என் நாற்காலிக்காக நான் இதைச் சொல்லவில்லை. நாளைக்கே எழுந்து போகச் சொன்னாலும் போய்விடுவேன். சின்ன வயதில் பரணில் ஏறாதே என்று நீ சொன்னபோது ஏன் என்று கேட்காமல் நான் இறங்கி வந்தேன். அதுபோல ஒரு முறை நீ இறங்கி வா. ஆபேலைக் கப்பலிலிருந்து எடுத்துச் சென்னைக் கரையோரத்தில் ஏதாவது வேலையில் போடச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவான். அதுவரைக்கும் சாவியைத் தொடாதே.

புகார் எழுதும் ஆபரேட்டர் நிறுத்துவதாக இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் எழுதி வைக்கிறான். உன் கையை நன்றாகத் தெரிந்தவன் அவன். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் பெயரைச் சொல்லிவிடுவான். அப்புறம் நான் மூடி மறைக்க ஒன்றும் மிஞ்சாது.

உன் தம்பி


ஆம்பூர்
29 ஆகஸ்ட் 1935

சத்தியநாதா,

என் கையைத் தெரிந்தவனா?

எழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்வதுபோல, சாவியில் அடிக்கிற தட்டை வைத்தே ஆளைச் சொல்லலாம் என்று சொல்லிக் கொடுத்தவள் நான். என் கையைத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் நீ. நீ கப்பலில் இல்லை.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் படித்தேன். நான்காம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்க வேண்டியவள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போகட்டுமா டீச்சர் என்றார்கள். போகச் சொன்னேன்.

என் பிள்ளை என் மேல் புகார் எழுதினானா? ஏழு தரமா? நான் பேசுவது அவனுக்கு அவ்வளவு தொந்தரவாகப் போய்விட்டதா? கப்பலில் மற்றவர்கள் சிரிக்கிறார்களா? அம்மா போதும் என்று எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தால் நான் அன்றைக்கே நிறுத்தியிருக்க மாட்டேனா?

நிஜத்தைச் சொல். நீ சொல்லாமல் மழுப்பினால் இனிமேல் மூன்று நிமிஷம் இல்லை, முப்பது நிமிஷம் அடிப்பேன். “ஆபேல், ஏன்” என்று அதையே திருப்பித் திருப்பி அடிப்பேன். உன் மோட்டார் வண்டி வந்து என்னை அள்ளிக்கொண்டு போகட்டும்.

தேவகிருபை


சிம்லா
7 செப்டம்பர் 1935

அக்கா,

சொல்லிவிடுகிறேன். ஆபேல் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டான். என்னாலும் முடிந்தவரை சொல்லாமல் பார்த்தேன். நீ முப்பது நிமிஷம் அடித்தால் அதைவிடப் பெரிய பாவம் என் தலையில் ஏறும்.

உட்கார்ந்துகொண்டு படி. ஹலீமா பீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நல்லது.

அந்த மௌனம் ஆபத்தில் இருக்கிற கப்பல்களுக்காக. மூழ்குகிற கப்பலில் மின்சாரம் போய்விடும், பேட்டரியில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். அந்தக் கப்பல் கூப்பிடுவது யாருக்காவது கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற எல்லாரும் மணிக்கு இரண்டு முறை வாயை மூடிக்கொள்கிறார்கள்.

மே மாதம் இருபத்திரண்டாம் தேதி வங்காள விரிகுடாவில் புயல். பர்மாவில் அக்யாபிலிருந்து அரிசி ஏற்றி வந்த ஒரு சின்ன சரக்குக் கப்பல் ஏழே காலுக்குக் கூப்பிட்டது. அந்தக் கூப்பாடு கேட்கிற தூரத்தில் ஆபேலின் கப்பல் ஒன்றுதான் இருந்தது. ஆபத்தைச் சொல்லும் எஸ்.ஓ.எஸ். என்ற மூன்று எழுத்தும் அவனுக்குக் கேட்டது. பதின்மூன்று பாகை என்று இடத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் கேட்டது. அதற்கு மேல் உன் கை வந்துவிட்டது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று. நீ முடித்த பிறகு அவன் திரும்பச் சொல்லும்படி கேட்டான், கேட்டுக்கொண்டே இருந்தான். அந்தப் பக்கத்திலிருந்து அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஆபேலின் கப்பல் இரண்டு நாள் அந்தப் பகுதியில் தேடியது. பத்தொன்பது பேர், அக்கா.

முழுதாகக் கேட்டிருந்தாலும் காப்பாற்றப் போய்ச் சேர்ந்திருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. கடல் அன்று அப்படி. இதை உன் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. ஆபேலுக்கும் இதையே எழுதினேன், அவன் அதை ஏற்கவில்லை.

அவன் புகாரில் உன் பெயர் இல்லை. எனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினான். “மாமா, அது அம்மா. எப்படியாவது நிறுத்திவிடுங்கள். காரணம் அம்மாவுக்குத் தெரியக்கூடாது. நான் என்ன எழுதினாலும் அதில் இது வந்துவிடும், அதனால் எழுத முடியவில்லை.” அவ்வளவுதான். அவன் எழுதவில்லை என்று நீ இன்னும் தவறாமல் அடித்தாய். நீ அடிக்கிறாய் என்று அவன் இன்னும் எழுதாமல் இருந்தான்.

குற்றம் உன்னுடையது அல்ல. அந்த நேரத்தை உனக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். அது எதற்கான நேரம் என்று எனக்குத் தெரியும். நம் அக்காவின் சின்னப் பெட்டிதானே, மூன்று நிமிஷந்தானே, அந்த நிமிஷத்தில் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். என் சாமர்த்தியத்தை உனக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. சும்மா கிடக்கும் ஆகாயம் என்று சொன்ன வாய் இது.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

சத்தியநாதன்


ஆம்பூர்
5 அக்டோபர் 1935

சத்தியநாதா,

உன்னிடமிருந்து வந்த மூன்று தந்திகளும் கிடைத்தன. நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

உன் கடிதம் வந்த சாயங்காலத்திலிருந்து சாவியைத் தொடவில்லை. வேலு பேட்டரியைச் சார்ஜ் பண்ணித் தோளில் சுமந்து வந்தான். வேண்டாம் என்றேன். “இன்னா டீச்சர், ஆபேல் தம்பி ஊருக்கு வர்றானா?” என்று சந்தோஷமாகக் கேட்டான். அவனிடம் என்ன சொல்வது?

நோட்டுப் புத்தகத்தில் மே இருபத்திரண்டைப் பார்க்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. பார்த்தேன். உனக்கும் எழுதுகிறேன், நான் மட்டும் தெரிந்துவைத்திருக்க என்னால் ஆகவில்லை:

“ஆபேல், அம்மா. மழை இல்லை. கிணறு வற்றுகிறது. ஹலீமா பீ வீட்டு ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று கறுப்பு, நெற்றியில் வெள்ளை. இன்னொன்று முழு வெள்ளை. மாம்பழம் வந்துவிட்டது. நீ இல்லாமல் நான் இன்னும் ஒன்றும் வாங்கவில்லை. சாப்பிடு. தூங்கு.”

அன்றைக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, தம்பி. அடித்துத் திருத்தியிருப்பது தெரிகிறது. முதலில் இருபதுக்கும் குறைவாகத்தான் வந்திருக்கிறது. முப்பதை நிரப்ப வேண்டுமே என்று அந்த இன்னொரு குட்டியின் நிறத்தையும் மாம்பழத்தையும் பிறகு சேர்த்திருக்கிறேன். அந்த மனிதர்கள் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் ஆட்டுக்குட்டியின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சேர்க்காமல் விட்டிருந்தால் ஒரு நிமிஷம் மிஞ்சியிருக்கும்.

போன திங்கட்கிழமை பெட்டியை ஒற்றை மாட்டு வண்டியில் ஏற்றிப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். இன்ஸ்பெக்டர் ரஷீத் அஹமது மகள் என்னிடம் படிக்கிறாள், அவர் எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

“இன்னா டீச்சரம்மா இது, தையல் மிஷினா?”

“லைசென்ஸ் இல்லாத வயர்லெஸ். நான் பேசியிருக்கிறேன். என்னைப் பிடித்து வையுங்கள்.”

அவர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். “கம்ப்ளெய்ண்ட் இன்னா இருக்கு? மேலேர்ந்து ஒரு காயிதமும் வர்லியே. காயிதம் இல்லாம நான் இத்த வாங்கினா எனக்குத்தான் மெமோ வரும்மா. வீட்டுக்கு எடுத்துனு போங்க.”

பத்தொன்பது பேர் செத்திருக்கிறார்கள் என்றேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “டீச்சரம்மா, உடம்பு சரியில்லியா? பையன் லெட்டர் போடலேன்னு என் பொண்ணு சொல்லிச்சு. ஜாஸ்தி ரோசனை பண்ணாதீங்க.” தண்ணீர் கொடுத்தார். வண்டிக்காரனிடம், “பாத்து இட்டுனு போ, பேஜார் பண்ணாம” என்றார். அதே வண்டியில் பெட்டியோடு திரும்பி வந்தேன்.

அந்தக் காகிதம் உன் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போடு. மோட்டார் வண்டி வரட்டும். என்னைக் கோர்ட்டில் நிறுத்தட்டும். உன் அக்கா என்று பார்க்காதே, எனக்காகப் போடு. அந்தப் பத்தொன்பது பேரின் பெயரும் எனக்கு வேண்டும்.

தேவகிருபை


டில்லி
19 நவம்பர் 1935

அன்புள்ள அக்கா,

ஆபீஸ் மலையிலிருந்து இறங்கி டில்லிக்கு வந்துவிட்டது. உனக்குப் பதில் எழுத ஒன்றரை மாதம் ஆனதற்குக் காரணம், சீமையிலிருந்து ஒரு பதிலுக்காகக் காத்திருந்தேன்.

உன் கடிதம் கிடைத்த அன்றே உத்தரவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். ஹெட்கிளார்க் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். “ஐயா, அந்த ஸ்டேஷன் ஒரு மாசமா பேசலை. இல்லாத சத்தத்துக்கு எப்படித் திசை பார்க்கிறது?” அவர் சொன்னது சரி. நீ நிறுத்திவிட்டாய். பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

அப்புறம் துரைக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பெட்டியைக் கட்டியவன் நான், நேரம் சொன்னவன் நான், நாற்காலியில் உட்கார்ந்து மறைத்தவனும் நான், என் பேரில் நடவடிக்கை எடுங்கள் என்று. நேற்று பதில் வந்தது. நல்ல மனிதர், அன்பாகவே எழுதியிருக்கிறார். அந்தக் கப்பல் பேசியதற்கு ஒரே சாட்சி ஆபேலின் குறிப்பு. அதை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. தொந்தரவு செய்த நிலையம் தானாக ஓய்ந்துவிட்டது, சட்டத்தின் நோக்கம் நிறைவேறிவிட்டது. உறவுப் பாசத்தில் நான் அதிகம் மனசை வருத்திக்கொள்வதாக நினைக்கிறார், ஒரு வாரம் ஓய்வு எடுக்கச் சொல்கிறார். பைலை முடித்தாயிற்று. உன்னையும் தண்டிக்க மாட்டார்கள், என்னையும் தண்டிக்க மாட்டார்கள். இத்தனை அதிகாரம் உள்ள நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஒரு தண்டனையை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

பெயர்கள் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் கப்பல் கம்பெனிக்கு எழுதினேன். ஆபீசர்கள் நால்வர் பெயரைக் கொடுத்தார்கள், தனித்தாளில் அனுப்புகிறேன். மற்றவர்கள் துறைமுகத்தில் அந்தந்தப் பயணத்துக்கு எடுத்த ஆட்கள். அவர்கள் பெயர் எழுதிய புத்தகம் கப்பலிலேயே இருந்ததாம்.

ஆபேலுக்குக் கரையில் வேலை கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டான். அந்த நேரத்தில் கேட்பதற்கு ஆள் வேண்டும் மாமா என்கிறான். அவன் டைரியின் நகல் மாதாமாதம் இங்கே வருகிறது. செப்டம்பர் நடுவிலிருந்து, அக்டோபர் முழுக்க, ஒவ்வொரு நாளும் ஒரே வரி: “ஏழே கால். மௌனம். ஒன்றும் கேட்கவில்லை.” அக்டோபர் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் எனக்கு ஒரு வரி எழுதியிருக்கிறான். “மாமா, அம்மா நன்றாக இருக்கிறார்களா?”

நீ அவனுக்கு எழுது, அக்கா. உனக்குத் தெரிந்துவிட்டது என்று நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உன்,
சத்தியநாதன்


ஆம்பூர்
30 நவம்பர் 1935

அன்புள்ள தம்பி,

நான்கு பேருடைய பெயரும் கிடைத்தன. மீதிப் பதினைந்து பேரையும் பெயரில்லாமலேதான் ஜெபத்தில் சொல்கிறேன்.

ஆபேலுக்கு எழுத உட்கார்ந்தேன். முதல் வரி வரவில்லை. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால், இது தெரிந்தும் அம்மா நன்றாக இருக்கிறாளே என்று நினைப்பான். நன்றாக இல்லை என்று எழுதினால் அதையும் அவன் சுமப்பான். எனக்குத் தெரியாததுபோல எழுதினால் என் எழுத்திலேயே கண்டுபிடித்துவிடுவான், அவனை வளர்த்தது நான். மூன்று கடிதம் கிழித்தாயிற்று. ஊரில் யார் எந்தக் கடிதம் எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள்.

நீ எனக்குத் தண்டனை வாங்கித் தரவில்லை என்று உன் மேல் கோபம் இல்லை. அது உன் அட்டவணையிலும் இல்லை போலிருக்கிறது.

பேசுகிற பெட்டியை வேலு பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். கேட்கிற பெட்டியை மட்டும் வைத்திருக்கிறேன், பயப்படாதே, தபாலாபீசில் லைசென்ஸ் வாங்கியிருக்கிறேன். சாயங்காலம் ஏழே காலுக்கு அதை அறுநூறில் வைத்துக் காதில் மாட்டிக்கொள்கிறேன். அவனும் அந்த நேரத்தில் அங்கே கேட்டுக்கொண்டிருப்பான் என்று தெரியும். இரண்டு பேரும் கேட்கிறோம். ஒன்றும் கேட்பதில்லை.

அந்த மூன்று நிமிஷம் இவ்வளவு நீளமானது என்று எனக்குத் தெரியாது, தம்பி. ஐந்து வருஷமாக அதில் நான் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன்.

அக்கா